மேல் வீட்டுக் கோடு

செண்பகம் இறந்துவிட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் குழாயடியில் கையில் கடிகாரத்தோடு நின்றுகொண்டிருந்தேன். வாளி பாதி நிறைந்திருந்தது. அம்மா படிக்கட்டுப் பக்கத்திலிருந்து உள்ளே வந்து, "நித்யா, குழாயை மூடு" என்றாள்.

"இரும்மா, இன்னும் ரொம்பல. மூடினா ரீடிங் போயிடும்."

"மூடும்மா" என்றாள் மறுபடியும். பிறகு அந்த வாக்கியத்தைச் சொன்னாள். எனக்குக் காதில் விழுந்தது. ஆனாலும் நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நொடி முள் ஓடிக்கொண்டே இருந்தது. வாளி நிறைந்து, வழிந்து, தண்ணீர் என் பாதங்களைத் தாண்டி வாசல்வரை போனதும் அம்மாவே வந்து குழாயை மூடினாள். அன்றைக்கு அந்த வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

முந்தின வாரம் வியாழக்கிழமை அவள் என்னோடு பஸ்ஸில் வந்தாள். என் தோளில் தலையைச் சாய்த்து, "லேசா தலை வலிக்குது, விடுட்டி, நாளைக்குச் சரியாயிடும்" என்றாள். பதினோராம் வகுப்பில் படிக்கிற ஒருத்தி, காய்ச்சல் வந்து, செத்துப்போவாளா? நான் நிறையப் புத்தகம் படிப்பவள். புத்தகத்தில் அப்படி வந்தால் எழுதியவர் அவசரப்பட்டுவிட்டார் என்று நினைத்திருப்பேன்.

நம் பள்ளி ஆண்டு மலருக்காக அவளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். உங்களுக்கெல்லாம் அவளைத் தெரியும். காலைப் பிரார்த்தனையில் கண்ணை மூடாமல் நிற்பாள். தன் டிபன் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே பக்கத்து டப்பாவில் கை வைப்பாள். தமிழ்ப் பாடத்தை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, வகுப்பு சிரிக்கும் முன் தானே முதலில் சிரித்துவிடுவாள். எழுத உட்கார்ந்தால் இப்படித்தான் கை எழுதுகிறது, அவள் நாளைக்கும் இதையெல்லாம் செய்வாள் என்பதுபோல. திருத்தப் பார்த்தேன். திருத்தினால் அது வேறு யாரையோ பற்றியது போல் இருக்கிறது. அப்படியே விட்டுவிட்டேன்.

லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸில் நாங்கள் தரைத் தளம், அவர்கள் மேல் தளம். அவள் அப்பா ஒரு அமைச்சகத்தில் வேலை பார்க்கிறார். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். செண்பகம் பிறந்தது டெல்லியில். வீட்டில் அம்மாவின் திருநெல்வேலித் தமிழ், வெளியே ஹிந்தி, என்னோடு இரண்டும் கலந்த ஏதோ ஒன்று. எப்போதும் படித்துக்கொண்டே இருப்பதால் என்னை 'லைப்ரரி' என்று கூப்பிடுவாள். மாடிப்படியில் நின்று "லைப்ரரீ!" என்று கத்தினால் பிளாக் முழுவதும் திரும்பிப் பார்க்கும்.

நாங்கள் ஏன் வாளியும் கடிகாரமுமாக நின்றோம் என்பது நம் வகுப்புக்கே முழுதாகத் தெரியாது. கண்காட்சிக்கு ஏதோ பிராஜெக்ட் என்றுதான் சொல்லியிருந்தோம். கோடை விடுமுறையில் பிளாக் கூட்டம் ஒன்று நடந்தது. மேல் வீட்டுக்குக் காலையில் தண்ணீர் சரியாக ஏறுவதில்லை என்று செண்பகத்தின் அம்மா எழுந்து சொன்னார்கள். அவர்களுக்கு ஹிந்தி தடுமாறும். "பானி... ஊபர்... நஹி ஆத்தா" என்பதற்குள் முகம் சிவந்துவிட்டது. குடியிருப்போர் சங்கச் செக்ரட்டரி அங்கிள் சிரித்துக்கொண்டே, "அரே பெஹன்ஜி, எல்லார் வீட்டிலும்தான் வருகிறது, நீங்கள் லேட்டாக எழுந்திருப்பீர்கள்" என்று ஹிந்தியில் சொன்னார். கூட்டம் சிரித்தது. விடிவதற்கு முன்பே எழுந்து எங்கள் வீட்டுக் குழாயிலிருந்து குடம் குடமாக மாடிக்குத் தூக்கிப் போகிறவர்கள் அவர்கள். அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். செண்பகம் சிரிக்கவில்லை. படியேறும்போது என்னிடம், "அம்மா சொன்னது பொய்யில்லைன்னு காட்டணும்ட்டி. சண்டை வேண்டாம். படமா காட்டணும்" என்றாள்.

அவள் அண்ணன் வேலைக்காகப் பெங்களூர் போகும்போது தன் கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போயிருந்தார். ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழி இருந்தது. அதில் வரைபடம் போடுவதற்கென்றே மேட்பிளாட்லிப் என்று ஒன்று. அதையும் லைப்ரரி என்றுதான் சொல்கிறார்கள் என்று தெரிந்ததும் அவளுக்குக் கொண்டாட்டம். "எனக்கு ரெண்டு லைப்ரரி. ஒண்ணு இதுக்குள்ள, ஒண்ணு கீழ் வீட்டுல. ரெண்டுகிட்டயும் ஒண்ணு கேட்டா வேற ஒண்ணு சொல்லும்."

ஒரே அளவு வாளி இரண்டு வாங்கினோம். காலையில் ஒரே நேரத்தில் நான் கீழேயும் அவள் மேலேயும் குழாயைத் திறந்து, வாளி நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்போம். நான் படிக்கட்டின் கீழே நின்று என் எண்ணைக் கத்துவேன். அவள் இரண்டையும் கம்ப்யூட்டரில் போட்டுவைப்பாள்.

முதல் படம் திரையில் வந்தபோது இரண்டு பேரும் கட்டில்மேல் ஏறிக் குதித்தோம். உடனே அச்சுப் போட்டாக வேண்டும் என்று அதைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு ஓடினோம். அரிசி அப்பள மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் பித்தானை அழுத்தினார். வெள்ளைத் தாள் வந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் வெள்ளைத் தாள்.

"பேட்டா, யே தோ காலி ஹை" என்றார் அவர்.

"எங்க வீட்டுக் குழாய் மாதிரிதான் பையா" என்றாள் செண்பகம் ஹிந்தியில். "திறந்தா காத்து மட்டும் வரும்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் அவமானத்தில் குறுகிப் போனேன். அவள் அந்த வெள்ளைத் தாளையே கேட்டு வாங்கி வந்து, கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஒட்டினாள். "நம்ம முதல் கிராஃப்" என்றாள். என்ன தப்பு என்று கண்டுபிடிக்க அந்த வாரம் முழுவதும் ஆயிற்று. படத்தை முதலில் திரையில் காட்டச் சொல்லிவிட்டு, பிறகு சேமிக்கச் சொல்லியிருந்தோம். திரையில் வந்த ஜன்னலை மூடியதும் படம் போய்விடுகிறது. அதற்குப் பிறகு சேமித்தால் வெறுந்தாள்தான். இரண்டு வரிகளை மேலும் கீழும் மாற்றிப் போட்டால் போதும். "முதல்ல எடுத்து வை, அப்புறம் ஊருக்குக் காட்டு" என்று அதன் பிறகு எதற்கெடுத்தாலும் சொன்னாள். உமா மேடம் வீட்டுப்பாடம் கேட்டபோதும் சொன்னாள், வகுப்புக்கு வெளியே நின்றாள்.

அடுத்து நடந்ததில் எனக்கு அவள் முகம்தான் நினைவிருக்கிறது. கீழ் வீட்டுக்கு ஒரு படம், மேல் வீட்டுக்கு ஒரு படம் என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். இரண்டும் அச்சாக ஒன்று போலவே இருந்தன. அதே மேடு, அதே பள்ளம். செண்பகம் நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். சமையலறையில் அவள் அம்மா எதையோ தாளித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ..." என்று குரலை இறக்கினாள். "அப்போ செக்ரட்டரி அங்கிள் சொன்னதுதான் சரியா? எங்க வீட்டுலயும் இதே மாதிரிதான் வருதா?"

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அன்று அவள் என்னைக் கீழே வரை கொண்டுவந்து விடவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் "லைப்ரரீ!" என்ற அலறல். பல் தேய்க்கும் பிரஷ் வாயில் இருக்க, படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். "பக்கத்துல இருக்கற நம்பரைப் பார்க்கவே இல்லட்டி நாம! உன் படத்துல மேல்கோடி அஞ்சு நிமிஷம். என் படத்துல மேல்கோடி முப்பது. அது பாட்டுக்கு ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு ஸ்கேல் எடுத்துக்கிட்டு, ரெண்டையும் ஒரே சைஸுக்கு இழுத்து வெச்சிருக்கு!"

அளவை நாம் சொல்லாவிட்டால் அந்த லைப்ரரி தானாக முடிவு செய்துகொள்கிறது. இரண்டு கோட்டையும் ஒரே படத்தில், பூஜ்யத்திலிருந்து ஒரே அளவில் போட்டோம். எங்கள் வீட்டுக் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. அவள் வீட்டுக் கோடு உயரத்தில் எங்கோ தத்தளித்தது. "மேல் வீட்டுக் கோடு மேலதான இருக்கும்" என்று சிரித்தாள். சிரித்தபடியே எழுந்து போய்ச் சமையலறையில் அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். "விடுட்டி, கரண்டி கையில இருக்கு" என்று ஆன்ட்டி கத்தியது இங்கே கேட்டது.

அந்தக் கோட்டிலும் பின்னால் ஒரு கோளாறு புகுந்ததை அவள் அப்பாதான் தன்னை அறியாமல் காட்டிக் கொடுத்தார். ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே திரையைப் பார்த்தார். "அடேயப்பா, இந்த ரெண்டு மூணு நாளு வாளியை வச்ச ஒடனே ரொம்பிட்டு போலுக்கே!"

பார்த்தால் மேல் வீட்டுக் கோடு அங்கங்கே கிணற்றில் விழுந்ததுபோல் பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தது. தண்ணீரே வராத நாள்களுக்கு அவள் பூஜ்யம் போட்டிருந்தாள். படத்தைப் பார்க்கிறவர்களுக்கு அந்த நாள்களில்தான் வாளி கண் இமைப்பதற்குள் நிரம்பியது என்று அர்த்தம். "சத்தியநாசம்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்த நாள்களையெல்லாம் கோட்டிலிருந்து எடுத்துவிட்டு, படத்தின் உச்சியில் சிவப்புப் பெருக்கல் குறியாக வைத்தோம்.

நவராத்திரிக்கு நான் ஜனக்புரியில் பெரியம்மா வீட்டில் சில நாள் தங்கிவிட்டேன். அந்த நாள்களில் கீழ் வீட்டு ரீடிங் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் என் கோடு ஒன்றுமே நடக்காததுபோல் நேராகப் போயிருந்தது. முன்னால் இருந்த புள்ளியையும் பின்னால் இருந்த புள்ளியையும் அந்த லைப்ரரியே இணைத்துவிட்டிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. நல்லதாயிற்று, அழகாகவும் இருக்கிறது என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "நீ அன்னைக்கு இங்க இருந்தியா?"

"இல்ல."

"தண்ணி வந்ததைப் பார்த்தியா?"

"எப்பவும்போலத்தான் வந்திருக்கும் செண்பகம். எங்க வீட்டுல எப்பவும் வருமே."

"இதைத்தான்ட்டி செக்ரட்டரி அங்கிளும் சொன்னாரு. அவரும் எங்க வீட்டுக்கு வந்து பார்க்கல. எப்பவும்போல வந்திருக்கும்னு கோடு போட்டுட்டாரு."

எண் இல்லை என்று லைப்ரரிக்குச் சொல்வதற்கு ஒரு வழி இருக்கிறது. அதை அந்த நாள்களில் போட்டாள். என் கோடு நடுவில் அறுந்து நின்றது. உமா மேடம் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, ஓட்டை விழுந்த மாதிரி இருக்கு? ஜட்ஜுங்க மார்க் குறைப்பாங்க" என்றார். செண்பகம், "மேடம், தண்ணி வரலைங்கறதும் ஒரு ரீடிங். அதுக்குத்தான் சிவப்புக் குறி. நாங்க பார்க்கலைங்கறது வேற. அந்த இடம் காலியாத்தான் இருக்கணும்" என்றாள். மேடம் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அப்போதும் எனக்கு அது முழுதாகப் புரிந்திருக்கவில்லை.

தமிழ் எழுத்து விஷயத்தில் மட்டும் நாங்கள் தோற்றோம். ஆன்ட்டிக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். அதனால் தலைப்பும் பெயர்களும் தமிழில்தான் வேண்டும் என்று செண்பகம் பிடிவாதமாக இருந்தாள். லைப்ரரியோ ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு காலிப் பெட்டி வரைந்தது. "டப்பா டப்பாவா துப்புது" என்றாள். தமிழ் எழுத்துரு ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொடுத்தோம். பெட்டிகள் போயின. கொம்பு ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம் என்று எழுத்துகள் சிதறி வந்தன. கடைசியில் பக்கங்களில் இடம் அதிகம் விட்டு, அச்சான பிறகு ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். எங்கள் இருவர் கையெழுத்தும் சகிக்காது. ஆன்ட்டியைக் கூப்பிட்டோம்.

"நான் எதுக்குட்டி? என் எழுத்தைக் கொண்டுபோயி பள்ளிக்கூடத்துல மாட்டப் போறியளா?" என்று வெட்கப்பட்டார்கள்.

"நீ எழுதினாத்தாம்மா அழகு. கண்காட்சிக்குப் பெரிய தாள் போடுவோம்ல, அதுல எழுது."

சரி, அப்போது பார்க்கலாம் என்றார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். டெல்லியில் பாதிப் பேருக்கு அப்போது காய்ச்சல். எதிர் பிளாக்கில் இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வந்திருந்தார்கள். அவளையும் சேர்த்தபோது நான் பயப்படவில்லை. திரும்பி வருவதற்குத்தானே போகிறார்கள் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் அப்பாவின் மொபைலில் எங்கள் வீட்டுக்குப் பேசினாள். குரல் தணிந்திருந்தது, ஆனால் அவள் குரல்தான்.

"என்ன பண்றே லைப்ரரி?"

"படிக்கிறேன். உன் வீட்டு ரீடிங் என்ன பண்றது? வீடு பூட்டியிருக்கு. சாவி வாங்கி நானே மேல போய் எடுக்கட்டுமா?"

"வேண்டாம். ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல நீ எப்படி நிப்பே? காலியா விட்ரு. நான் வந்து மறுபடி ஆரம்பிக்கிறேன்."

"எப்போ வருவே?"

"அச்சா, நர்ஸ் முறைக்கறாங்க. வெச்சிடறேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு குழாயடியில் அம்மா சொன்ன அந்த வாக்கியம். இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒன்றும் இல்லை. நான் தூங்கினேன், சாப்பிட்டேன், வேதியியல் தேர்வுக்குப் படித்தேன். அவள் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது.

அவளைக் கொண்டுபோன பிறகு பிளாக் பேச ஆரம்பித்தது. பால் பூத் வரிசையில் ஒரு ஆன்ட்டி சொன்னாள், "மேல டிரம் டிரம்மா தண்ணி பிடிச்சு வெச்சிருந்தாங்களே, அதுலதான் கொசு வந்திருக்கும்." இன்னொருவர் பார்க்கில் தோண்டிய குழி என்றார். இன்னொருவர் கூலரில் தேங்கிய தண்ணீர் என்றார். கார்ப்பரேஷன் ஆள்கள் வந்து புகை அடித்தார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. மேலே தண்ணீர் ஏறியிருந்தால் அவர்களுக்கு டிரம் தேவைப்பட்டிருக்காது. எங்கள் வீட்டில் தண்ணீர் அப்படிக் கொட்டியதால்தான் மேலே ஏறவில்லை. படுக்கையில் கிடந்தபடி ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டே வந்தேன். அது எங்கள் வீட்டுக் குழாயில் வந்து முடிந்தது. காலையில் அந்தக் குழாயைத் தொட எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் தொட்டேன். ரீடிங்கை நிறுத்தச் சொல்லி அவள் சொல்லவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அண்ணனும் பெங்களூர் திரும்பிய பிறகு மேலே போனேன். கண்காட்சி நெருங்கிவிட்டது, படம் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது என்று சொல்லத் தயங்கித் தயங்கி நின்றேன். ஆன்ட்டி வழி விட்டார்கள். சுவரில் அந்த வெள்ளைத் தாள் அப்படியே இருந்தது. என் எண்களைச் சேர்த்து, படத்தை வரையச் சொன்னேன். முதலில் சேமித்தேன். பிறகு திரையில் காட்டினேன்.

ஆன்ட்டி என் பின்னால் வந்து நின்றார்கள். "இதுல எங்க வீடு எதுட்டி?"

"மேல இருக்கறது ஆன்ட்டி. நீல நிறம்."

அந்தக் கோட்டின் மேலேயே விரலை வைத்து, மெல்ல நகர்த்திக்கொண்டு போனார்கள். அது அறுந்த இடத்தில் விரல் நின்றது.

"நாந்தாம்ட்டி கொன்னுட்டேன்" என்றார்கள். சாதாரணமாக, நேரம் என்ன என்று சொல்வதுபோல. "அந்த டிரம்மு மூடியை நாந்தான் தொறந்து போட்டேன். பாத்திரம் கழுவ அள்ளி அள்ளி மூட மறந்துட்டேன். எல்லாரும் சொல்லுதாவல்லா."

என் கை மவுஸின் மேல் இருந்தது. பெரியவர்கள் பேச வேண்டிய இடம் இது, நான் கீழே போய் அம்மாவைக் கூட்டி வர வேண்டும் என்று தோன்றியது. ஆனால் என் வாயில் வந்தது அவளுடைய கேள்வி.

"நீங்க பாத்தீங்களா ஆன்ட்டி?"

"என்னத்த?"

"அந்த டிரம்முல கொசுப் புழு இருந்துச்சுன்னு."

"பாக்கல." கொஞ்சம் யோசித்தார்கள். "கார்ப்பரேசன்காரன் டார்ச் அடிச்சுப் பாத்தான். இப்ப ஒண்ணும் இல்லன்னுட்டுப் போயிட்டான். அதுக்கு முன்னால இருந்திருக்கும்லா?"

"இருந்திருக்கலாம். பஸ்ல கடிச்சிருக்கலாம். ஸ்கூல்ல கடிச்சிருக்கலாம். எங்க வீட்டுக் குழாயடியில கடிச்சிருக்கலாம், அங்கதான பாதி நேரம் நிப்பா. எனக்குத் தெரியாது ஆன்ட்டி. யாருக்கும் தெரியாது." திரையில் அந்த இடத்தைத் தொட்டேன். "பார்க்காத இடத்துல கோடு போடக் கூடாதுன்னு அவதான் சொன்னா. மேடம்கிட்டயே சொன்னா. அதான் இங்க காலியா விட்டிருக்கு. எங்க வீட்டுக் கோட்டுலயும் பாருங்க, நவராத்திரியில ஒண்ணு. இதோ இங்க ஒண்ணு, அன்னைக்குக் காலையில நான் வாளியைப் பார்க்கவே இல்ல."

ஆன்ட்டி என் கோட்டைப் பார்த்தார்கள். தங்கள் கோட்டைப் பார்த்தார்கள். "அன்னைக்கு எங்க வீட்டுல தண்ணி வந்திருக்குமா?"

"தெரியாது ஆன்ட்டி."

"தெரியாதா" என்றார்கள். கட்டிலில் போய் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் அழுதார்கள். வீட்டில் அவளைக் கிடத்தியிருந்தபோதுகூட அவர்கள் அழுது நான் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர்கள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். ரொம்ப நேரம் கழித்து, "அந்தப் பெரிய தாளு எங்க? எழுதணும்னு சொன்னாளே" என்றார்கள்.

ஐ.என்.ஏ. மார்க்கெட் கடைக்காரர் இந்த முறை வெள்ளைத் தாள் வராததைப் பார்த்து, "தூஸ்ரி வாலி கஹாம் ஹை?" என்று கேட்டார், அந்த இன்னொரு பெண் எங்கே என்று. நான் சொன்னேன். அவர் பித்தானில் வைத்த விரலை எடுக்காமலே நின்றார்.

கண்காட்சிக்கு முதல் நாள் உமா மேடம் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். "நித்யா, கடைசியில மட்டும் ஒரு கோடு இழுத்து முடிச்சிடேம்மா. அவளுக்காக. பாதியில நிக்கறது பார்க்கவே முடியல" என்றார். மேடம் கண் கலங்கியிருந்தது. எனக்கு மறுக்கக் கஷ்டமாக இருந்தது.

"அவ திட்டுவா மேடம்" என்றேன்.

மேடம் குண்டூசி டப்பாவை எடுத்து அவரே நான்கு மூலையிலும் குத்தினார். மாட்டியிருந்ததை உங்களில் பலர் பார்த்தீர்கள். 'கீழ் வீடு', 'மேல் வீடு' என்று சாய்ந்த எழுத்தில் இருந்தது செண்பகத்தின் அம்மா எழுதியது. உச்சியில் இருந்த சிவப்புக் குறிகளைக் காட்டி கண்காட்சி பார்க்க வந்திருந்த எங்கள் செக்ரட்டரி அங்கிள் இது என்ன என்று கேட்டார். இந்த நாள்களில் மேலே ஒரு சொட்டும் வரவில்லை என்று சொன்னேன். அவர் குறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "யே தோ ஹமே மாலூம் ஹி நஹீ தா" என்றார். இது எங்களுக்குத் தெரியவே தெரியாதே என்றார். சிரிக்கவில்லை. செண்பகம் அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும். அவள் இல்லாமல் அது நடந்தது என்பதை நான் இன்னும் நம்பவில்லை.

அந்தப் படம் இப்போது மேல் வீட்டுச் சுவரில், வெள்ளைத் தாளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் வாளி என்னிடம் இருக்கிறது, அவளுடையது மேலேயே. அவளிடமிருந்து வந்தது இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது. யாராவது எதையாவது அடித்துச் சொல்லும்போது, நானே ஒன்றை நினைத்து நினைத்து இணைத்துக்கொண்டு போகும்போது, 'நீ அன்னைக்கு இங்க இருந்தியா?' என்று அவள் திரும்பிப் பார்க்கிறாள். பதில் இல்லாத இடத்தை நான் காலியாக விடக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அவள் ஏன் போனாள் என்பதையும் அப்படித்தான் விட்டிருக்கிறேன். இணைக்காமல் விடுவது இவ்வளவு கடினம் என்று அவள் சொல்லவில்லை.

இதை எழுதி முடிக்கும் இந்த வாரத்தில் ஒரு நாள் காலை, வழக்கம்போலக் குழாயைத் திறந்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாளி நிறைந்தது. பழக்கத்தில் படிக்கட்டின் கீழே போய் நின்றேன், கத்தினால் குறித்துக்கொள்ள மேலே அவள் இல்லை என்பது ஒரு கணம் மறந்துபோய். திரும்ப நினைத்தபோது மேலேயிருந்து ஆன்ட்டியின் குரல் கேட்டது.

"ஏ நித்யா, போயிராத. இன்னும் ரொம்பல. ரொம்பினதும் சொல்லுதேன், குறிச்சுக்கோ."

நான் அங்கேயே நின்றேன்.